பள்ளி ஆண்டு மலரின் பக்க உறுப்புகள்

பள்ளி ஆண்டு மலர் என்பது ஒரு கல்வியாண்டின் நிகழ்வுகள், படைப்புகள், வகுப்புப் படங்கள் ஆகியவற்றைத் தொகுத்து வெளியிடும் நூலாகும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இது 'இயர்புக்' எனப்படுகிறது. அங்கே மாணவர்களே குழுவாகப் பக்கங்களை வடிவமைப்பது வழக்கம். இதற்கான சொற்களில் பல அச்சுத் தொழிலிலிருந்து வந்தவை. அச்சிட்ட தாள் மடிக்கப்படும், கட்டப்படும், வெட்டப்படும். இம்மூன்று வேலைகளோடு சேர்த்துக் கற்றால் மாணவர்களுக்குச் சொற்கள் எளிதில் விளங்கும்.

மடிப்பு

பெரிய தாள் ஒன்றை மடித்துப் பெறும் பக்கத் தொகுதியை நம் அச்சகங்களில் 'ஃபாரம்' என்பர். ஒரு ஃபாரம் பெரும்பாலும் 16 பக்கங்கள் கொண்டது. எனவே மலரின் பக்கங்களை 32, 48, 64 எனத் திட்டமிடுவது சிக்கனம். எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று வரிசையாக எழுதிய பட்டியலுக்கு 'லேடர்', அதாவது ஏணி, என்று பெயர்.

கட்டு

நூலைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்களும் சேர்ந்தது 'ஸ்ப்ரெட்'. அவை சேரும் நடுப்பகுதி 'கட்டர்'. தடித்த நூல் முழுவதும் விரியாததால் இங்கே சிறிது இடம் மறையும். குழுப் படம் இரு பக்கங்களிலும் பரவினால், நடுவில் நிற்பவரின் முகம் மடிப்புக்குள் போய்விடும். இருவருக்கு இடையிலான வெற்றிடம் மடிப்பில் விழுமாறு படத்தை நகர்த்த வேண்டும்.

வெட்டு

பக்க விளிம்புவரை செல்லும் படத்தை விளிம்புக்கு வெளியேயும் சுமார் 3 மி.மீ. நீட்டி வைப்பது 'ப்ளீட்'. இல்லையெனில், கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். எழுத்துகளோ 'மார்ஜின்' எனும் ஓர இடைவெளிக்கு உள்ளேயே இருக்க வேண்டும்.

படமும் பெயரும்

ஒவ்வொரு ஸ்ப்ரெட்டிலும் மற்றவற்றைவிடத் தெளிவாகப் பெரிய முதன்மைப் படம் ஒன்று இருந்தால் பார்வை அங்கே தொடங்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அதாவது 4 அங்குல அகலப் படத்துக்கு 1200 பிக்சல்கள் தேவை. வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும் படம் திரையில் நன்றாகத் தெரிந்தாலும் அச்சில் மங்கலாம்.

படத்தின் கீழுள்ள விளக்கவரி 'கேப்ஷன்'. குழுப் படமாயின் 'இடமிருந்து வலம்' என்று வரிசைவாரியாகப் பெயர்களைத் தர வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் தலைப்பெழுத்துதான் அடையாளம். அதை விடக்கூடாது. பல ஆண்டுகள் கழித்து மலரைப் புரட்டுபவருக்குப் பெயரில்லாத முகம் அந்நியமாகிவிடும். எனவே, அச்சுக்கு அனுப்புமுன் பெயர்களை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, மாணவர்களிடமும் காட்டிச் சரிபார்ப்பது அவசியம்.

வகுப்பறைப் பயிற்சி

ஒரு தாளை மூன்று முறை பாதியாக மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். மடித்த நிலையிலேயே மூலைகளில் 1 முதல் 16 வரை எண்ணிட்டுப் பிரித்தால், சில எண்கள் தலைகீழாக இருக்கும். 1க்குப் பக்கத்தில் 16 நிற்கும். ஃபாரம் என்றால் என்ன என்பது இதில் விளங்கிவிடும். அடுத்து, பழைய மலர் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வோர் உறுப்பின் மீதும் அதன் பெயரெழுதிய சீட்டை ஒட்டச் சொல்லலாம்.