உப்புத் தட்டில் ஆனா, ஆவன்னா!

சனிக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கை விரட்டிக்கொண்டு பாண்டிச்சேரி பக்கம் பறக்கிற இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே அந்தக் கூட்டத்தில் ஒருத்தராக இருக்கலாம். எதற்குப் போகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. 'கடல் காத்து வாங்கப் போறேன்' என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள். அதையே நானும் நம்பிவிடுகிறேன்.

வழியில் மரக்காணம் வரும். சாலை ஓரமாகக் கண்ணாடியைப் பாளம் பாளமாக வெட்டிப் போட்ட மாதிரி உப்பளங்கள். வரப்பு மேல் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள். 'பேக்ரவுண்ட் சூப்பர்டா மச்சி!' என்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுவோம்.

அடுத்த தடவை அப்படியே கிளம்பாதீர்கள். ஒரு கிலோ உப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள். ரசத்துக்கு இல்லை சார். உங்கள் வீட்டு மூணு வயசு மகாராஜாவுக்கோ, மகாராணிக்கோ எழுத்துச் சொல்லிக் கொடுக்க! 'எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலியே' என்கிறீர்களா? அக்கா பிள்ளை இருக்குமே, அண்ணன் பெண் இருக்குமே. மாமா, சித்தப்பா பதவியில் இருப்பவர்கள் சாக்லேட் மட்டும் வாங்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டிருக்கக் கூடாது.

மணிக்கட்டு சொல்லும் சேதி

எல்.கே.ஜி. பிள்ளையின் ஹோம் ஒர்க் நோட்டைப் புரட்டியிருக்கிறீர்களா? ஒரு பக்கம் பூரா 'அ'. மறு பக்கம் பூரா 'ஏ'. ராத்திரி எட்டரை மணிக்கு அம்மா ஒரு பக்கம் அதட்ட, குழந்தை ஒரு பக்கம் விசும்ப, அப்பா மட்டும் டி.வி.யில் ஸ்கோர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பார். மாசக் கடைசியில் கணக்கு முடிக்கிற எந்த ஆபீஸிலும் இவ்வளவு டென்ஷன் கிடையாது.

பாவம், குழந்தை சோம்பேறி இல்லை. சமாசாரம் எலும்பில் இருக்கிறது. நம் மணிக்கட்டில் மொத்தம் 8 குட்டி எலும்புகள். பிறக்கும்போது இவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டியாகும். மூணு வயசுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பாதி எலும்புகள்கூடப் படத்தில் விழாது. எட்டாவது எலும்பு தலைகாட்டுவதற்குள் பிள்ளை நாலாங்கிளாஸ், அஞ்சாங்கிளாஸ் வந்திருக்கும். விரல் தசைகளும் அப்படித்தான், இன்னும் பழகவில்லை. இந்தக் கையில் பென்சிலைத் திணித்து, நாலு கோடு நோட்டில் கோட்டைத் தாண்டாமல் எழுது என்றால் எப்படி? பைக் ஓட்டவே தெரியாதவனிடம் லாரி சாவியைக் கொடுத்த கதைதான்.

அதே குழந்தையிடம் ஒரு பிடி மாவைக் கொடுத்துப் பாருங்கள். உருட்டும், நசுக்கும், நீட்டும், பிய்க்கும். ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது. எழுத்தைக் கை முதலில் விளையாட்டாகக் கற்றுக்கொள்ளட்டும், பென்சில் பிறகு வரட்டும் என்பதுதான் விஷயம். இதை வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உண்மையில் வெள்ளைக்காரன்தான் நம்மிடம் கற்றுக்கொண்டு போனான்!

மணலில் எழுதிய மெட்ராஸ்

ஆண்ட்ரூ பெல் என்று ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் ஒருவர். 1787-ல் மெட்ராஸ் வந்து இறங்கியவர், 1789-ல் எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆதரவற்ற பையன்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பையன்களுக்கு எழுத்து ஏறவே இல்லை. ஆசிரியர்களும் அக்கறை காட்டவில்லை. மனுஷன் தவித்துப் போனார்.

ஒரு நாள் காலை குதிரை மேல் உலாத்தப் போனவர் கண்ணில் நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்று பட்டது. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நோட்டு இல்லை, மை இல்லை, செலவு இல்லை. அழிக்க வேண்டுமானால் கையால் ஒரு தடவு தடவினால் போச்சு!

பெல் நேராகத் தன் பள்ளிக்கு வந்து, 'நாளையிலிருந்து மணலில் சொல்லிக் கொடுங்கள்' என்றார். கீழ்வகுப்பு ஆசிரியர் முடியாது என்று கையை விரித்தார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்கிற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, 'சின்னப் பசங்களுக்கு நீயே வாத்தியார்' என்று உட்கார்த்திவிட்டார். பெரியவர் முடியாது என்றதைப் பொடியன் செய்து காட்டினான்.

1797-ல் இதை லண்டனில் புத்தகமாகவே போட்டார் பெல். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. அங்கேயும் மணல் பரப்பிய பெஞ்சில் விரலால் ஏ, பி, சி, டி எழுதினார்கள். 1832-ல் இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் உருவான பள்ளிக்கு இன்றைக்கும் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. நாம் சென்னை என்று மாற்றிக்கொண்டோம், அவர்கள் மாற்றவில்லை!

ரோமாபுரியிலிருந்து அடையாறுக்கு

அடுத்த ஆள் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலிய டாக்டர். 1907-ல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு குழந்தைகள் இல்லம் ஆரம்பித்தார். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் கிறுக்கிக்கொண்டு திரிந்த இடம் அது.

அந்தப் பிள்ளைகளுக்கு அவர் செய்து கொடுத்தது சொரசொர எழுத்து. தச்சர்கள் மரத்தை இழைக்கத் தேய்ப்பார்களே, அந்தத் தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை விரலால் தடவிக்கொண்டே அந்த எழுத்தின் ஓசையைச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் பாடம் படிக்கும். அப்படிப் பழகிய பிள்ளைகள் ஒரு நாள் யாரும் சொல்லாமலே எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

இதே அம்மையார் 1939-ல் மெட்ராஸ் வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். உலகப் போரில் இத்தாலி எதிர் அணியில் சேர்ந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் சில வருஷங்கள் இருந்தார்.

அவர் பயன்படுத்திய அந்தச் சொரசொரத் தாளுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? உப்புத்தாள்! ஆக, மரக்காணத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம்.

முதலில் எந்த எழுத்து?

'அ'வில் ஆரம்பிப்பதுதான் மரபு. சொல்வதற்கு, பாடுவதற்கு அதுவே இருக்கட்டும். ஆனால் கையால் செய்வதற்கு 'அ' லேசுப்பட்டதில்லை. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக்கோடு, ஒரு நேர்க்கோடு. 'இ'யோ ஜாங்கிரி சுற்றுகிற மாஸ்டருக்கே சவால்.

'ட'வில் ஆரம்பியுங்கள். ஒரு குச்சி நிற்கிறது, ஒரு குச்சி படுத்திருக்கிறது. தீர்ந்தது வேலை. அடுத்தது 'ப'. மூன்று பக்கம் வரப்பு கட்டி, மேலே திறந்து விட்ட உப்பளப் பாத்தி மாதிரியே இருக்கும். 'பாத்தி' என்று சொல்லிக்கொண்டே செய்யலாம். பிறகு 'ம'. இந்த மூன்றும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம் என்று வார்த்தையே வந்துவிடும். தமிழில் மொத்தம் 247 எழுத்து என்று பயப்படாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31-ம், சில துணைக் குறிகளும்தான் முதல். மீதி 216-ம் அந்த முதலுக்கு வந்த வட்டி! நான் பி.காம். படித்ததற்கு இங்கேதான் கொஞ்சம் பலன்.

ஒரு விஷயம். ஒவ்வொரு எழுத்தையும் அதன் ஓசையோடு சொல்லுங்கள். 'பானா, டானா' என்றே பழகிய பிள்ளை 'படம்' என்பதைப் பானா டானா மானா என்று படித்துவிட்டு நம்மை முழிக்க வைக்கும்.

இதோ, கைவேலை!

* உப்புத் தட்டு: விளிம்பு வைத்த தாம்பாளம் ஒன்று. அடியில் கறுப்போ, சிவப்போ கலர் பேப்பர். மேலே தூள் உப்பு, அடி தெரியாத அளவுக்குப் பரப்புங்கள். கல்லுப்பு என்றால் மிக்ஸியில் ஒரு சுற்று. குழந்தை ஆள்காட்டி விரலால் எழுதினால், கலர் எழுத்து பளிச்சென்று தெரியும். தட்டை லேசாகக் குலுக்கினால் அழிந்துவிடும். மழை நாளில் உப்பு ஈரமாகிவிட்டால் வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளலாம், அல்லது அதற்குப் பதில் ரவை. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு லீவு. எரியும்.

* உப்பு மாவு எழுத்து: மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணீர் சுமார் ஒரு கப். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். குழந்தை இதைப் பாம்பு பாம்பாக உருட்டட்டும். தரையில் சாக்பீஸால் பெரிசாக எழுதி, அதன் மேல் பாம்பை வளைத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் காய்ந்தால் கல்லு மாதிரி ஆகிவிடும். வர்ணம் அடிக்கலாம். முக்கியம்: வாயில் போடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை உப்பு சின்ன உடம்புக்கு ஆபத்து.

* சொரசொர எழுத்து: வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் குவிந்திருக்குமே, அவற்றுக்கு மோட்சம் கொடுங்கள். அட்டையின் பின்பக்கம் கட்டைவிரல் அகலத்தில் ஃபெவிகாலால் எழுத்து போட்டு, மேலே உப்போ, சலித்த மணலோ தூவுங்கள். காய்ந்ததும் உதறினால் எழுத்து நிற்கும். எங்கே ஆரம்பிக்க வேண்டுமோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. தினம் மூன்று எழுத்து தடவினால் போதும்.

* ஓலை எழுத்து: விழுப்புரம் ஜில்லாவில் பனைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த ஓலையைக் கத்தரித்து, ஓரத்தை மழித்து 'ட', 'ப' ஒட்டலாம். ஓலை கிடைக்காத நகரவாசிகளுக்குப் பழைய பேப்பர். கத்தரிக்கோல் வேண்டாம், விரலால் பட்டை பட்டையாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கிழிப்பது விரலுக்கு நல்ல கசரத்து.

* சிப்பி எழுத்து: சாக்பீஸ் எழுத்தின் மேல் சிப்பி, சோழி, புளியங்கொட்டை அடுக்கலாம். சிலதுகள் மூக்குக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரை இழுத்துவிடும். ஆகையால் மூன்று வயசுக்குக் கீழே இருந்தால் இந்த ஐட்டம் வேண்டாம்.

எதில் ஆரம்பித்தாலும் குழந்தையின் பெயரின் முதல் எழுத்தைச் சீக்கிரம் செய்துவிடுங்கள். 'இது என் எழுத்து' என்று ஒரு கர்வம் வரும் பாருங்கள், அதற்கப்புறம் துரத்த வேண்டாம், அதுவே உங்களைத் துரத்தும்.

உப்புக்கும் பதம் உண்டு

மறுபடி மரக்காணம். அந்த வெள்ளைக் குவியலுக்குப் பின்னால் இருப்பவர்களும் அப்பா, அம்மாதான். வெயில் ஏறினால் பாத்தியில் கால் வைக்க முடியாது, கண்ணும் கூசும். அதனால் விடியும் முன்னே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் உப்பு வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து அறிமுகமாகிற முதல் இடம் பெரும்பாலும் அங்கன்வாடி.

1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பிள்ளை அது. தமிழ்நாட்டில் இன்றைக்குச் சுமார் 54 ஆயிரம் மையங்கள். சத்துமாவு, முட்டை, தடுப்பூசி, எடை, ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, நடுவில் ஆனா, ஆவன்னாவும் சொல்லித்தர வேண்டியவர் அங்கே இருக்கிற டீச்சர். 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டி நகரத்துப் பிள்ளை தடவுகிற மரப்பலகை எழுத்தைவிட, உப்பளத்துப் பிள்ளை தட்டில் எழுதுகிற எழுத்து ஒரு மாற்றுக் குறைவில்லை. விரலுக்கு விலை தெரியாது.

உப்பளக்காரர்களிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. கடல் தண்ணீரின் அடர்த்தி சுமார் மூன்றரை டிகிரி. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவிட்டு, 25 டிகிரி வந்தால்தான் உப்பு பூக்கும். அதற்கு முன்னால் வாரினால் வருவது சேறு. முப்பது டிகிரியை நெருங்கவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும். எப்போது பூக்கும் என்று பாத்திக்குத்தான் தெரியும். நின்று பார்க்கிறவர் அவசரப்பட்டுப் பிரயோஜனமில்லை. நம் ஆட்கள்தான் மூன்றரை வயசிலேயே இருபத்தைந்து டிகிரியை எதிர்பார்க்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கடையில் ஒரு உப்புப் பாக்கெட்டும், பத்து ரூபாய்க்குக் கலர் பேப்பரும் வாங்குங்கள். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம், செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் சப்பணமிட்டு உட்காருங்கள். 'ப' தலைகீழாக வந்தால் வரட்டும். குலுக்கிவிட்டு மறுபடி எழுதலாம். தப்புக்குச் சிவப்பு மையில் சுழி போட முடியாத ஒரே நோட்டுப் புத்தகம் அந்தத் தட்டுதான்.

என்ன, வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த உப்பு மறுநாள் சாம்பாரில் விழுந்து, 'ப'வோடு சேர்த்து நீங்களும் பாடம் படிக்க வேண்டியிருக்கும்!