பி.டி. பீரியடைப் பிள்ளைகளிடமே விடுங்கள்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எலும்பு மருத்துவர்களிடம் வரும் சிறுவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். பத்து மாதம் பள்ளி, டியூஷன் என்று உட்கார்ந்தே இருந்தவன், விடுமுறையின் முதல் நாளே காலை முதல் இருட்டும்வரை கிரிக்கெட் ஆடுகிறான். இல்லையென்றால் ஜிம்மில் சேர்ந்து, அண்ணன்மார் தூக்கும் எடையைத் தானும் தூக்குகிறான். கணுக்கால் வீங்கினால் சுளுக்கு எடுப்பவரிடம் நீவல், மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை. மருத்துவரிடம் வருவதற்குள் பத்து நாள் ஓடிவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்குப் போகாத அந்தக் காலை அழுத்திப் பார்த்தால், வலி எலும்பின் நுனியில் இருக்கிறது.

நீவாதீர்கள்

வளரும் வயதில் எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு மென்மையானது. பெரியவருக்கு வெறும் சுளுக்காக முடியும் அடி, சிறுவனுக்கு அங்கே முறிவாகலாம். அதைப் போட்டு நீவினால் என்ன ஆகும்? மாத்திரையோ வலியை மறைத்து, மறுபடியும் ஆட அனுப்பிவிடும். கால் ஊன்ற முடியாவிட்டால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வீட்டில் சொல்லப்படுபவை

“எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும்.” தவறு. தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து, குறைந்த எடையில் தொடங்கி, முறையாகச் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதை ஏற்கிறது. உயரத்தை உண்மையிலேயே நிறுத்தக்கூடியது, தசையைப் பெருக்க எடுக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு. அது வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடிவிடும். சீக்கிரம் ‘பாடி’ ஏற வேண்டும் என்று கைமாறும் ஊசியையும் மாத்திரையையும் தொடவே கூடாது.

“புரோட்டீன் பவுடர் இல்லாமல் தசை வளராது.” முட்டை, பால், பருப்பு, சுண்டல், மீன் ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த டப்பா தேவையில்லை. எனர்ஜி டிரிங்க் அறவே வேண்டாம்.

“வீசிங் இருக்கு, ஓடாதே.” ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாக ஓடலாம். இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி பயன்படுத்தினால் போதும். ஓடும்போது மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ ஆட்டத்தை நிறுத்தி இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

“வயசுக்கு வந்த பொண்ணு குதிக்கக் கூடாது.” பெண் பிள்ளைகளின் எலும்பைக் கெடுக்கும் பேச்சு இது. வாழ்நாளுக்கான எலும்பு வலுவின் பெரும்பகுதி இளம்பருவத்திலேயே சேர்ந்துவிடுகிறது. ஸ்கிப்பிங், பாண்டி, கபடி எல்லாம் அதற்குத்தான் உதவுகின்றன. மாதவிலக்கு நாட்களிலும் முடிந்தவரை ஆடலாம். 146 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2019-ல் வெளியான ஆய்வில், 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் அது 78 சதவீதம்.

தினமும் ஒரு மணி நேரம்

5 முதல் 17 வயதுவரை, சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை தர வேண்டும். செலவு? பெரிதாக ஒன்றும் வேண்டாம். 2012-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங்கில் ஒரு தொடக்கப் பள்ளி, பிள்ளைகளைத் தினமும் 15 நிமிடம் பள்ளிச் சீருடையிலேயே ஓடவோ நடக்கவோ விட்டது. அந்தப் பழக்கம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

தலைமையாசிரியர்களே, பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பெற்றோரே, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். பிளஸ் ஒன்னில் அரசு தரும் சைக்கிளை மிதித்தே பள்ளிக்குப் போகட்டும். மாலையில் ஒரு மணி நேரம் அவர்களை வெளியே விடுங்கள், தயவுசெய்து.