மலையேறும் போட்டோ பிரியர்களே... டிரைபாடு வாங்கும் முன் இதை படிங்க!
எடை, உயரம், உறுதி பார்ப்பது எப்படி?

விருதுநகர்:
விருதுநகர் மாவட்டத்தில் சதுரகிரி, செண்பகத்தோப்பு என மேற்கு தொடர்ச்சி மலை பக்கம் போகும் வாலிபர்கள் செல்போனோடு கேமராவையும் தூக்கிச் செல்வது வழக்கமாகி விட்டது. துணைக்கு நண்பர்கள் இல்லாமல் போகிறவருக்கு போட்டோ எடுத்துவிடவும் ஆள் கிடையாது, மூட்டையை பங்கு போடவும் ஆள் கிடையாது. கேமராவை நிறுத்த மூன்று கால் ஸ்டாண்டு, அதாவது டிரைபாடு தேவைப்படுவது இங்கே தான்.

எடை தான் முதலில்

கல்யாண வீட்டில் வீடியோக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்டாண்டு 3 கிலோவுக்கு மேல் கனக்கும். தாணிப்பாறையில் தூக்கும்போது லேசாகத் தெரியும் பை, வழுக்குப்பாறை ஏறும்போது தோளை அறுத்துவிடும். மலைக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள் இருப்பதே நல்லது. மடக்கினால் 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் பைக்குள் போய்விடும். கை இரண்டும் சும்மா இருந்தால் தானே பாறையைப் பிடித்து ஏற முடியும்?

செல்போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு கால் கிலோ எடையுள்ள குட்டி ஸ்டாண்டே போதும். வளையும் கால் உள்ளதை மரக்கிளையில் சுற்றியும் மாட்டலாம்.

அலுமினியமா, கார்பனா?

கார்பன் பைபர் கால்கள் எடை குறைவு. ஆனால் விலை அதிகம். மாதம் ஒரு தடவை மலைக்கு போகிறவருக்கு அலுமினியமே போதும். முழுக்க பிளாஸ்டிக்கில் வருவதை மட்டும் தவிர்க்கவும். காற்றடித்தால் ஸ்டாண்டு சாயும், கேமரா போய்விடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

* கேமரா, லென்ஸ் எடையைப் போல இரண்டு மடங்கு தாங்குமா?
* காலை முழுதாக நீட்டி, மேலே லேசாக அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா? இறங்கினால் வாங்காதீர்கள்.
* 5 மடிப்பு கால் சிறியதாக மடங்கும். ஆனால் கடைசி மடிப்பு மெல்லிசாக இருப்பதால் ஆடும். விரிக்கும்போது தடித்த மேல் மடிப்பை முதலில் இழுக்கவும்.
* நடுக்கம்பியை உயர்த்தினால் ஆட்டம் அதிகம். அதன் அடியில் கொக்கி இருந்தால் தண்ணீர் பாட்டில் பையை மாட்டலாம், கனத்துக்கு அசையாது நிற்கும்.

படம் எடுக்கும்போது 2 வினாடி டைமர் வைத்தால் விரல் பட்டு கேமரா ஆடாது. அருவித் தண்ணீர் பால் போல விழ அரை வினாடி, ஒரு வினாடி ஷட்டர் வேண்டும். அதை கையில் பிடித்து எடுப்பது கஷ்டம். சிவகாசி வெடி தீபாவளி ராத்திரி வானத்தில் பூவாய் விரிவதை எடுக்கவும் இதே ஸ்டாண்டு உதவும்.

தனியாக நுழையாதீர்கள்

இந்த மலைக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். 2021-ல் அறிவிக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் மாதம் காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 23 பேர் பலியானதை மறக்க முடியாது. அரசின் மலையேற்ற திட்டத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியுடன் போகலாம். சதுரகிரிக்கு எந்த நாள், எத்தனை மணி வரை அனுமதி என்பதை வனத்துறை அறிவிப்பில் பார்த்துவிட்டு கிளம்பவும்.

முக்கியமாக, ஓடைக்கு நடுவே ஸ்டாண்டை நிறுத்தாதீர்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்கள் பலரின் உயிரைக் குடித்தது. அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் பெய்த மழை நொடியில் இறங்கிவிடும். ஓடை சத்தம் மாறினால் ஸ்டாண்டு போனாலும் பரவாயில்லை, கரையேறி விடவும்.