சிலிண்டர் வராத நாளில் அரசு என்ன செய்ய முடியும்?

எரிபொருள் தட்டுப்பாடு என்றதும் பெட்ரோல் பங்க் வரிசைதான் நினைவுக்கு வரும். ஆனால் சிறு தொழில்களில் முதல் அடி விழுவது அடுப்பில். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் வேங்கிக்காலைப் பாருங்கள். மனு கொடுக்க வருவோர், அலுவலக ஊழியர்கள், பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்து இறங்குவோர் என எல்லோரையும் நம்பி டீக்கடைகளும் மெஸ்களும் டிபன் கடைகளும் நடக்கின்றன. அந்த அடுப்புகள் எரிவது 19 கிலோ வணிக சிலிண்டரால். அது நான்கு நாள் வரவில்லையென்றால் முதலாளியின் வருமானம் மட்டும் நிற்பதில்லை. மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் தேய்ப்பவர் எனப் பலரின் நாள் கூலியும் நிற்கிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் அரசு எந்த வகைகளில் கைகொடுக்க முடியும்? இதுவரை என்ன செய்திருக்கிறது? எங்கே இடைவெளி இருக்கிறது?

தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது?

இந்தியா பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. உலகம் நுகரும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கடந்து போகும் பாதை அது. 2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் 12 நாள் மோதிக்கொண்டபோது, அந்த நீரிணையை மூட ஈரான் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. மூடும் நிலை அப்போது வரவில்லை. ஆனால் அந்தப் பாதையில் சிக்கல் வந்தால் அது எங்கெல்லாம் எட்டும் என்பதை அந்த நாட்கள் உணர்த்தின.

கச்சா எண்ணெய்க்கு இந்தியாவிடம் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் நிலத்தடிச் சேமிப்பு உண்டு. மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். எரிவாயுச் சேமிப்போ ஒப்பிட முடியாத அளவு சிறியது. விசாகப்பட்டினத்தில் உள்ள நிலத்தடிக் கிடங்கின் கொள்ளளவு 60,000 டன். நாட்டின் ஆண்டுத் தேவை சுமார் 3 கோடி டன். அதனால் எரிவாயுக் கப்பல்கள் தாமதமானால் அதன் விளைவு விரைவிலேயே கடைத்தெருவுக்கு வந்துவிடும்.

யாருக்கு முதலில்?

அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955 எரிபொருளை யாருக்கு, எவ்வளவு, எந்த விலையில் தருவது என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு ஆணைப்படி, 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் பயன்படுத்தக் கூடாது. சரக்கு குறையும்போது வீட்டு அடுப்புக்கே முன்னுரிமை. அது நியாயமானதுதான், வீட்டில் உலை வைப்பதை எந்த அரசும் நிறுத்தக் கூடாது.

ஆனால் வீடுகளுக்கு அடுத்து யார் என்பதுதான் சிக்கல். மருத்துவமனை, விடுதி, நட்சத்திர ஓட்டல், சாலையோர மெஸ் எல்லாம் வணிகப் பயன்பாடு என்ற ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசைக்குள் முறை வகுக்காவிட்டால், மொத்தமாக வாங்குபவருக்கும் அதிகம் கொடுப்பவருக்கும் சிலிண்டர் போகும். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்ற நிலையில் உள்ள கடை கடைசியில் நிற்கும்.

விலையும் வரியும்

வணிக சிலிண்டருக்கு மானியம் கிடையாது. மாதத்தின் முதல் தேதி விலை மாறும். உக்ரைன் போர் தொடங்கிய சில மாதங்களில், 2022 மே மாதம், சென்னையில் ஒரு சிலிண்டர் 2,500 ரூபாயைத் தாண்டியது. வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. வணிக சிலிண்டருக்கு 18 விழுக்காடு. சாதாரண உணவகங்கள் சாப்பாட்டுக்கு 5 விழுக்காடு வரி வசூலிக்கின்றன. ஆனால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே சிலிண்டர் மீதான வரி முழுவதும் கடைக்காரர் தலையில்தான் விழுகிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த வரியைத் தற்காலிகமாகக் குறைத்தால், விண்ணப்பமோ அலைச்சலோ இல்லாமல் உதவி நேரே போய்ச் சேரும். வரி விகிதத்தை முடிவு செய்வது ஜிஎஸ்டி மன்றம் என்பதால், தமிழ்நாடு அரசு அங்கே இதை வலியுறுத்தலாம்.

2022 அக்டோபரில் மத்திய அரசு பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 22,000 கோடி ரூபாய் கொடுத்தது. வீட்டு சிலிண்டரை அடக்க விலைக்கும் கீழே விற்ற இழப்புக்கான ஈடு அது. குடும்பங்களைக் காக்க அந்தப் பணம் தேவைப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் வணிக சிலிண்டர் விலையேற்றத்தைத் தாங்கிய சிறு கடைகளுக்கு அதுபோன்ற ஈடு எதுவும் இல்லை.

கடன் யாருக்கு உதவியது?

நெருக்கடி வந்தால் அரசு முதலில் எடுக்கும் கருவி கடன் உத்தரவாதம். கொரோனா காலத்தில், 2020 மே மாதம், மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. ஏற்கெனவே உள்ள கடன் நிலுவையில் 20 விழுக்காடு வரை, புதிய அடமானம் இல்லாமல், முழு அரசு உத்தரவாதத்துடன் வங்கிகள் கொடுத்தன. பின்னர் வரம்பு ஐந்து லட்சம் கோடியாக உயர்ந்தது. கூடுதல் தொகையில் 50,000 கோடி ஓட்டல் முதலிய விருந்தோம்பல் தொழில்களுக்கு என ஒதுக்கப்பட்டது. பல நிறுவனங்கள் பிழைத்ததற்கு இது காரணம்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். வங்கியில் கடன் நிலுவை இருந்தவருக்கே அது கிடைத்தது. நகையை அடகு வைத்தும் தண்டல் வாங்கியும் கடை நடத்தியவருக்கு 20 விழுக்காடு கணக்கிட அடித்தளமே இல்லை. அடுத்த நெருக்கடிக்கான திட்டம் இந்த இடத்தில் திருத்தப்பட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வேறொரு அனுபவமும் உண்டு. 2008 இறுதியில் தொடங்கிய மின் கட்டுப்பாட்டில் பெரிய தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு வரை மின்சாரம் குறைக்கப்பட்டது. 2015இல்தான் அது முழுமையாக விலக்கப்பட்டது. மின்வெட்டைச் சமாளிக்க ஜெனரேட்டர் வாங்கும் சிறு தொழில்களுக்கு விலையில் 25 விழுக்காடு மாநில மானியம் உண்டு. எந்திரத்துக்கு உதவி கிடைத்தாலும், அதை ஓட்டும் டீசல் செலவு தொழிலின் மீதே நின்றது.

பிற நாடுகள் செய்தது

2022இல் டாலர் இல்லாமல் தவித்த இலங்கை, ஜூன் இறுதியில் அத்தியாவசியம் அல்லாத பணிகளுக்கு எரிபொருள் விற்பதையே நிறுத்தியது. பிறகு வந்த க்யூஆர் அட்டை முறை, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று தொடங்கியது. ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவருக்கு 5 லிட்டர் எந்த மூலைக்கு என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. ஆனாலும் நாள் கணக்கில் வரிசையில் கிடந்த நிலை மாறி, தன் பங்கு என்ன என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்தது.

ரஷ்ய எரிவாயு நின்றபோது ஜெர்மனி விலைத் தடுப்பு கொண்டுவந்தது. 2023இல் வீடுகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் முந்தைய பயன்பாட்டின் 80 விழுக்காட்டுக்கு மட்டும் யூனிட்டுக்கு 12 சென்ட் என்ற உச்ச விலை. மீதிக்குச் சந்தை விலை. உதவியும் கிடைத்தது, சிக்கனமாக எரிக்கும் கட்டாயமும் இருந்தது.

இரண்டு நாடுகளின் வசதிக்கும் இடையே பெரிய தூரம். ஆனாலும் யாருக்கு எவ்வளவு என்று காட்டும் பதிவேட்டை வைத்தே இரண்டும் பங்கைப் பிரித்தன.

வேங்கிக்காலில் இன்று செய்யக்கூடியது

கடைக்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. இணையத்தில் கட்டணமின்றிச் செய்யலாம். உணவகமும் சேவைத் தொழிலாகப் பதிவாகும். அரசின் கடன், உத்தரவாதத் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே நுழைவாயில். சிலிண்டர் ரசீதுகளைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். பங்கீடு வந்தால் உங்கள் பயன்பாட்டுக்கு அவையே சான்று. தவணை தவறும் நிலை வந்தால், 90 நாள் கடந்து வாராக்கடன் ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள சிறு தொழில்களைச் சீரமைக்க ரிசர்வ் வங்கி 2016இல் வகுத்த நடைமுறைப்படி, உரிமையாளரே முன்வந்து வங்கியிடம் விண்ணப்பிக்கலாம். தள்ளுவண்டிக்காரர்கள் பிஎம் ஸ்வாநிதி கடன் பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்கலாம். மற்றவர்களுக்கு மாவட்டத் தொழில் மையம் வழிகாட்டும்.

மாற்று எரிபொருளும் பேசப்பட வேண்டும். இதே மாவட்டத்தின் ஆரணியில் புழுங்கலரிசி ஆலைகள் தங்கள் உமியையே எரித்து நெல்லை அவிக்கின்றன. அந்தக் கொதிகலனுக்குக் கப்பல் வர வேண்டியதில்லை. மெஸ்காரருக்கு அந்த வசதி இல்லை. மின் அடுப்புக்கு மாறினால் கூடுதல் மின்பளுவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும்; மின்சாரத்துக்கும் தொழிற்சாலைக் கட்டணம் அல்ல, வணிகக் கட்டணம். மாநிலத்தின் முதலீட்டு மானியங்கள் பெரும்பாலும் உற்பத்தித் தொழிலுக்கானவை. உணவகங்கள் மின் அடுப்புக்கு மாறவும் அதே அளவு கைகொடுக்க வேண்டும்.

எழுதி வைக்க வேண்டிய ஆணை

எரிவாயு முகவரிடம் ஒவ்வொரு வணிக இணைப்பின் கணக்கும் இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் அதை முன்கூட்டியே தொகுத்தால், வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அடுத்தபடியாக, சிறிய கடைக்கு அதன் வழக்கமான பயன்பாட்டில் குறைந்தபட்சப் பங்கை உறுதிசெய்ய முடியும். வங்கி நிலுவையை அடிப்படையாகக் கொள்ளாத சிறு கடனும், வேலை நின்ற தொழிலாளிக்குச் சில வார உதவித்தொகையும் அதனோடு சேர வேண்டும். இவற்றைத் தட்டுப்பாடு வந்த பிறகு கூடிப் பேசினால், ஆணை வெளிவருவதற்குள் சிறிய கடைகள் மூடியிருக்கும். சரக்கு தாராளமாகக் கிடைக்கும் நாட்களிலேயே ஆணையை எழுதி, பட்டியலை முகவர் அலுவலகச் சுவரில் ஒட்டி வைப்பதே அரசின் கடமை.