பழைய மோட்டார் வண்டியும் அதன் வில்லமைப்பும்

தமிழ் பயிலும் மாணவனொருவன் மோட்டார் வண்டியின் அடிப்பாகத்தைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையென நண்பர் சிலர் நகைத்தல் கூடும். சங்ககாலத்து உமணர் உப்பு வண்டி கொண்டு மேடும் மணலும் கடந்து சென்றபொழுது, வண்டியின் அடியிலே சேமஅச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்று யாம் வகுப்பிலே படிக்கின்றோம். வண்டி எவ்விடத்தில் முறியும் என்பதை நன்கறிந்தவர்களே அங்ஙனம் செய்திருத்தல் வேண்டும். ஆதலின் வண்டியின் கீழே குனிந்து பார்த்தல் தமிழ் மாணவனுக்கு முற்றும் அயலான தொழில் அன்று. நிற்க.

என் அம்மான் யாழ்ப்பாணத்தில் ஒரு மொறிஸ் மைனர் வண்டி வைத்திருக்கின்றார். அது 1958ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. அவருடைய தந்தையார் அதனை ஓட்டினார். 1990களிலே பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளுள் அதுவும் ஒன்று. இப்பொழுது அதன் உடலிற் குற்றமில்லை. இயந்திரமும் இனிதே ஓடுகின்றது. ஆனால், வண்டி கைக்கு அடங்குவதில்லை. பருத்தித்துறை வீதியில் வல்லை வெளியைக் கடக்கும்போது, பக்கத்திலிருந்து காற்று வீசினால், அது தன் மனம்போன வழியே ஒதுங்கும். வளைவுகளிற் கப்பல்போற் சரியும். பள்ளத்தில் ஒருமுறை விழுந்தால் நான்குமுறை குதிக்கும். இக்குறைகளைத் தீர்க்கக் கருதிய அம்மான், இங்கிலாந்திலிருந்து புதுவகை அதிர்வடக்கிகளும், தடித்த முறுக்குக்கோல்களும், சரிவுதடுக்கும் கோலொன்றும் வருவிப்பதெனத் தீர்மானித்தார். ஆங்கில நூல்களைப் படித்து அவற்றின் பயனை எடுத்துரைக்கும் பணி எனக்கு வந்தது. இக்கட்டுரை அப்பணியின் விளைவாகும்.

முதலில் வண்டியின் வரலாற்றை நோக்குவோம். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1906ஆம் ஆண்டு சிமிர்னா நகரத்திற் பிறந்தவர். பிற்காலத்தில், 1959ஆம் ஆண்டு வெளிவந்த மினி வண்டியையும் வகுத்தவர் அவரே. மைனரை வெளியிடுவதற்குச் சிறிது காலத்திற்கு முன்னர், மாதிரி வண்டி உயரத்திற்கேற்ற அகலம் இன்றி ஒடுங்கியிருப்பதாக அவர்க்குத் தோன்றிற்று. உடனே அதனை நெடுக்காக இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியிற் கண்ணுக்குப் பொருத்தமாயிருக்கவே, அதனையே முடிவாகக் கொண்டார். மைனரின் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை இந்த நான்கு அங்குலமேயாம். ஐயமுற்றோர் எந்த மைனர் வண்டியின் முன்னும் நின்று பார்த்துக்கொள்க. அகலம் மிகுந்ததனால் வண்டியின் நிலைபேறும் மிகுந்தது. அன்றியும், அக்காலத்துச் சிறு வண்டிகள் பலவற்றில் முன் அச்சு ஒரே இரும்புத் தண்டாக இருக்க, மைனரின் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும்படி அமைக்கப்பட்டன. திருப்புமமைப்போ பற்சட்டமும் பற்சக்கரமுங் கொண்டது. கையசைவைச் சிதறாது சக்கரத்திற்குக் கொண்டுசெல்வது. இக்காரணங்களால், வேகத்திற் பெயர்பெறாத இவ்வண்டி, வளைவிலும் நேரிலும் சொன்னபடி கேட்கும் வண்டியெனத் தொடக்கத்திலேயே புகழ்பெற்றது. 1960ஆம் ஆண்டின் இறுதியிற் பிரித்தானிய வண்டிகளுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டியதும் இதுவே.

இதனைப் படித்தபொழுது என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. பிறந்த காலத்திற் கைக்கு அடங்கும் வண்டியெனப் புகழப்பட்டது இன்று அடங்காதது ஏன்? அமைப்பு மாறவில்லை. அற்றேல், மாறியது யாது?

விடையை எனக்குக் காட்டியவர் நூலாசிரியர் எவருமல்லர். நெல்லியடிப் பக்கத்திலே சிறு கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவர். அம்மான் தம் தீர்மானத்தை விரித்துரைக்க, அவர் பொறுமையோடு கேட்டிருந்து, “தம்பி, வாங்குறதை வாங்குவம், முதல்ல வண்டியைத் தூக்கிப் பார்ப்பம்” என்றார். முன்பக்கத்தை ஜக்கில் ஏற்றினார். சக்கரத்தின் மேல்விளிம்பிலொரு கையும் கீழ்விளிம்பிலொரு கையும் வைத்து அசைத்தார். சக்கரம் ஆடிற்று. பின்னர் நெம்புகோலொன்றை அடியிற் கொடுத்து மெல்லத் தூக்கினார். அசையலாகாத ஓரிடம் அசைந்தது. அவர் முகம் மாறிற்று. அம்மானை அருகழைத்து விரலை வைத்துப் பார்க்கச் செய்தார்.

அவ்விடம் யாதெனக் கூறுவேன். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத்தண்டின் மேல்நுனியும் கீழ்நுனியும் மரை வெட்டப்பட்டவை. அவை ட்றனியன் எனப்படும் இரு மரைக்கூடுகளுள்ளே திருகப்பட்டிருக்கும். வண்டியைத் திருப்புந்தோறும் மரை மரைக்குள்ளே சிறிது சுழலும். ஆதலின் கிறீஸ் இன்றி அது வாழாது. கீழ் ட்றனியனின் நிலை இன்னும் நுட்பமானது. சக்கரம் தண்டை மேல்நோக்கித் தள்ளுகின்றது; முறுக்குக்கோலோ கீழ்க்கையைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது. ஆகவே, அம்மூலையில் வண்டியின் பாரம் அம்மரையைப் பிடுங்கியெடுக்கும் திசையிலேயே இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றது. வண்டி கொட்டகையில் நிற்கும்போதும் அவ்விழுப்பு ஓய்வதில்லை. கிறீஸ் வற்றி மரை தேயுமாயின், ஒருநாள் தண்டு கூட்டினின்றும் கழன்றுவிடும். கழன்றவுடன் சக்கரம் மடிந்து விழும். வண்டி மூக்குக் குத்தும். பெரும்பாலும் இது மெதுவாகத் திருப்பும்போது நிகழுமென்பர். வேகத்தில் நிகழாதென்று எவரும் உறுதி கூறார். எங்கள் வண்டியின் இடப்பக்கத்து மரையிற் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. அதற்கு முந்திய கிழமைதான் அம்மானும் மாமியும் அவர்கள் சிறு மகளும் அவ்வண்டியிலே பருத்தித்துறைக்குச் சென்று வந்திருந்தனர். அம்மான் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கிறீஸ் இடுவதற்கும் ஒரு முறையுண்டு. சக்கரம் நிலத்திலிருக்கும்போது கிறீஸ் ஏற்றினால், பாரந்தாங்கும் பக்கத்து மரைகள் இறுகப் பொருந்தியிருத்தலின், அது அவ்விடம் செல்லாது. சக்கரத்தை நிலத்தினின்றும் தூக்கி, பாரத்தை நீக்கிய பின்னரே ஏற்றல் வேண்டும். எளிய செய்திதான், ஆயினும் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எவரும் அறியாதிருந்தோம்.

ட்றனியன்களை மாற்றிய பின்னர் முதியவர் ஏனைய உறுப்புகளையும் ஒவ்வொன்றாக நோக்கினார். கீழ்க்கை சுழலுமிடத்து றப்பர்ப் புஷ்கள், இயந்திரத்தினின்று கசிந்த எண்ணெயில் ஊறிப் பொங்கிக் கிடந்தன. கீழ்க்கை முன்பின்னாக நகராவண்ணம் தடுக்கும் கோலின் றப்பரும் அவ்வாறே. சக்கரம் தன் நேர்நிலையில் நில்லாது முன்னும் பின்னும் நகருமாயின், காற்று வீசுந்தோறும் வண்டி ஒதுங்குவதில் வியப்பென்ன? பின்புறத்துத் தகட்டுவில்களின் புஷ்களும் புதுப்பிக்கப்பட்டன. றப்பருக்குப் பதிலாகப் பொலியூரித்தேன் என்னும் கடினமான பொருளாற் செய்த புஷ்கள் இக்காலத்திற் கிடைக்கின்றன. அவை எண்ணெயால் எளிதிற் கெடா; சக்கரத்தையும் உறுதியாய்ப் பிடிக்கும்; ஆனால் வீதியின் ஒலியைச் சிறிது மிகுதியாக உள்ளே விடும். அம்மான் முன்புறத்திற்கு அவற்றையும் பின்புறத்திற்கு றப்பரையும் தெரிந்தெடுத்தார். இத்திருத்தங்களே செய்து வண்டியை ஓட்டியபொழுது, குறையின் பெரும்பகுதி நீங்கியிருந்தது.

இனி, உண்மையான மேம்பாடுகளைப் பற்றிச் சில கூறுவேன். ஈண்டுப் பலரும் மயங்குமிடம் ஒன்றுண்டு. வில் வேறு, அதிர்வடக்கி வேறு. வில் பாரத்தைத் தாங்குவது. அதிர்வடக்கி வில்லின் ஆட்டத்தை ஓய்விப்பது. வண்டி பள்ளத்தில் விழுந்து நான்குமுறை குதிக்குமாயின், குற்றம் வில்லினது அன்று, அதிர்வடக்கியினது. வில்லைக் கடினமாக்கினால் அக்குதிப்பு நிற்பதற்குப் பதிலாக விரைவுபடும். எவ்வளவு விரைவென்று ஓர் எளிய கணக்காற் காணலாம். வண்டியின் பாரத்தால் வில் எத்தனை சென்ரிமீற்றர் அமிழ்கின்றதோ, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், செக்கனுக்கு எத்தனைமுறை ஆடும் என்பது ஏறத்தாழ வரும். 16 சென்ரிமீற்றர் அமிழும் வில் நிமிடத்திற்கு 75முறை ஆடும்; அது மனிதன் ஆறுதலாய் நடக்கும் அடிக்கணக்கை ஒத்தது; உடலுக்கு இதமானது. 9 சென்ரிமீற்றரே அமிழும் கடின வில் 100முறை ஆடும்.  அமெரிக்காவில் 1930களில் இவ்விஷயத்தை ஆராய்ந்த மோரிஸ் ஒல்லி என்னும் பொறியியலாளர், முன்வில் பின்வில்லினும் சற்று மெதுவாக ஆடுதல் வேண்டுமெனக் கண்டார். என்னை? மேட்டின்மேல் முன்சக்கரம் முதலிலும் பின்சக்கரம் பின்னரும் ஏறுகின்றன. பிந்தி ஆடத் தொடங்கிய பின்பக்கம் விரைந்து ஆடினாலன்றி முன்பக்கத்தோடு ஒத்துவராது. வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சல்போல் ஆடும். ஆகவே, முன்வில்லை மட்டும் கடினமாக்குவோர் இவ்வொழுங்கைத் தாமே குலைக்கின்றனர்.

மைனரின் முன்வில் சுருள்வில்லன்று; நெடிய எஃகுக்கோல். அதன் ஒருமுனை வண்டியின் அடியிலே குறுக்குச்சட்டத்திற் பூட்டப்பட்டிருக்க, மறுமுனை சக்கரத்தின் கீழ்க்கையோடு பொருந்தியிருக்கும். சக்கரம் எழுந்தால் கோல், பிழியும் துணிபோல் முறுகும். இவ்வகைக் கோலின் வலிமை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்திற் பத்திலொரு பங்கு கூட்டினாற் கடினம் நூற்றுக்கு 46 கூடிவிடும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் தடிப்பு, முதுகெலும்பிற்குப் பெரிதாகத் தோன்றும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு குண்டுங் குழியுமான ஒழுங்கைகளிற் செல்லும் குடும்ப வண்டிக்குத் தடித்த கோல் வேண்டுவதில்லை என்பது என் கருத்து. வண்டியைத் தாழ்த்தி ஓட்டும் வழக்கமும் நமக்காகாது. தாழ்த்துந்தோறும் சக்கரம் ஏறுதற்குரிய இடம் குறையும். பள்ளத்தில் றப்பர்த் தடை மோதும். மோதிய கணத்தில் அச்சக்கரத்திற்கு வில்லே இல்லையென்க.

அதிர்வடக்கியை மாற்றுதல் தக்கதே. பழைய வண்டியிலுள்ளவை நெம்புகை வகையின. சிறு கூட்டினுள்ளே எண்ணெயைச் சிறு துளைவழி தள்ளி ஆட்டத்தை அடக்குவன. எண்ணெய் ஒழுகியிருந்தால் முதலில் அதனை நிரப்பிப் பார்த்தல் வேண்டும். அவற்றிற்குப் பதிலாகக் குழாய் வடிவான இக்காலத்து அதிர்வடக்கிகளைப் பூட்டும் கருவித்தொகுதிகள் உள்ளன. இங்கே ஒரு செய்தி மறக்கலாகாது. மைனரின் முன்புறத்தில் அந்நெம்புகையே சக்கரத்தின் மேற்கையுமாகும். ‘பழையதைக் கழற்றி எறிவோம்’ என்று கழற்றினால், சக்கரத்தின் மேற்பகுதியைப் பிடிப்பார் இல்லை. ஆகவே பழையதை இருத்திக்கொண்டே புதியது சேர்க்கப்படும். பின்புறத்திற் புதிய தாங்கியை வண்டியின் தகட்டிற் பூட்டுமிடத்துத் துரு இருக்குமாயின், அதனை முதலிற் சீர்செய்தல் வேண்டும். அத்தகடு முன்னொருபோதும் அவ்விசையைத் தாங்கியதன்று.

சரிவுதடுக்கும் கோல், இடம் வலமென்னும் இரு சக்கரங்களையும் இணைப்பது. இரண்டும் ஒருங்கே எழும்போது அது வாளாவிருக்கும்; ஒன்று எழ மற்றது தாழும் வளைவில் மட்டும் முறுகி எதிர்த்து நிற்கும். ஆதலால் நேர்வீதியின் சுகத்தைப் பெரிதும் கெடாது வளைவிற் சரிவைக் குறைக்கும். முன்புறத்திற்கு மெல்லிய கோலொன்று போதும். பின்புறத்தில் மட்டும் பூட்டுதல் தவறு. அங்ஙனம் செய்தால் வளைவிற் பின்சக்கரங்கள் முதலிற் பிடிவிடும். அதனைத் திருத்தியோட்டப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி அம்மானுக்குமில்லை, எனக்குமில்லை.

ரயர்களைப் பற்றி ஒரு சொல். இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய ரயர்களை நீக்கி றேடியல் ரயர்களை நான்கு சக்கரங்களிலும் இடுவது, செலவிற்கேற்ற பயனைத் தரும் மாற்றங்களுள் முதன்மையானது. முன்னே றேடியலும் பின்னே பழைய வகையுமாகக் கலந்திடுதல் மட்டும் ஆபத்து. ஒரு பக்கம் இறுகப் பற்ற மறுபக்கம் வழுக்கிச் செல்லும்.

அம்மான் இறுதியிற் செய்தவை இவை: ட்றனியன்கள், புஷ்கள், நான்கு றேடியல் ரயர்கள், பின்புறத்திற் குழாய் வகை அதிர்வடக்கிகள். முறுக்குக்கோல்கள் பழையனவே. கடந்த மார்கழியில், மழை விட்டுக் காற்று நிற்காத ஒரு மாலையில், வல்லை வெளியை மீண்டும் கடந்தோம். வண்டி ஒதுங்கவில்லை என்று கூறமாட்டேன். ஒதுங்கிற்று, ஆனால் கையைச் சிறிது திருப்ப உடனே மீண்டது. பின்னிருக்கையிலிருந்த மாமி நித்திரையாயினார். முன்புறத்துச் சரிவுக்கோலைச் சித்திரை விடுமுறையிற் பூட்டுவதென முடிவாகியிருக்கின்றது. அதற்குள் ஆயிரம் மைல் நிறைந்துவிடுமாதலால், சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கிறீஸ் ஏற்றும் வேலை எனக்கு விதிக்கப்பட்டிருக்கின்றது.