வீட்டு ஜாம் விற்கலாமா?

மாம்பழம் மலிந்து கிடக்கும் காலம். கூடையோடு வாங்கிய பழம் இரண்டே நாளில் கனிந்து குழைந்துவிடுகிறது. வீணாக்க மனமில்லாத இல்லத்தரசி ஜாம் கிளறி வைக்கிறாள். ருசி பார்த்த அண்டை வீட்டார், "விலை கொடுக்கிறோம், எங்களுக்கும் ஒரு பாட்டில் தாருங்கள்" என்கிறார்கள். வியாபாரம் இப்படித்தான் பிறக்கிறது. காசு கைமாறியதும் சட்டமும் சமையலறைக்குள் நுழைந்துவிடுகிறது.

பழைய முத்திரை

பழப் பண்டங்களுக்கென்று இந்திய சர்க்கார் 1955-ல் தனி உத்தரவு பிறப்பித்தது. பாட்டில்களில் இருந்த 'எப்.பி.ஓ.' முத்திரை அதன் அடையாளமே. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு 5-ல் முழுமையாக அமலுக்கு வந்ததும் அந்த உத்தரவு மறைந்தது.

பதிவு கட்டாயம்

புதிய சட்டப்படி சிறு வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும். ஆனால் 'வீட்டில்தானே செய்கிறேன்' என்று பதிவிலிருந்து தப்ப முடியாது. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர் சிறு வியாபாரி என்றும், பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் 2011 விதிகள் வகுத்தன. இவை திருத்தப்படக் கூடியவை. ஆகவே உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டறிந்து விண்ணப்பிப்பது நலம்.

சுத்தத்துக்கும் விதி உண்டு. குடிக்கத் தகுந்த நீரே சேர்க்க வேண்டும். தொற்றுநோய் கண்டவர் பண்டத்தைத் தொடலாகாது. நகம் வெட்டியிருக்க வேண்டும்.

சர்க்கரையில் சிக்கனமா?

ஜாமில் பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஸ்ட்ராபெரி, ராஸ்பெரிக்கு மட்டும் 25. கரைந்த திடப்பொருள் 65 சதவீதமாவது வேண்டும். இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பூஞ்சணம் வளர வழியில்லாமல் போகிறது. விலை ஏறிவிட்டதென்று சர்க்கரையைக் குறைத்தால் பாட்டில் சீக்கிரம் பூத்துவிடும். மேலாக வழித்து எறிந்தாலும் நஞ்சு அடியில் தங்கியிருக்கலாம். அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது பெரும்பாலும் குழந்தைகளே!

சீட்டில் என்ன வேண்டும்?

பண்டத்தின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, கெடு தேதி, செய்தவர் பெயர், முழு விலாசம், பதிவு எண், சைவப் பண்டமென்று காட்டும் பச்சைப் புள்ளி ஆகியவை அவசியம். தவறான சீட்டுக்குச் சட்டம் விதித்த அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை.

அண்டை வீட்டார் கைமணத்தை நம்பி வாங்குவார்கள். முகமறியாதவர் எதை நம்புவார்? பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டைத்தான். அது உண்மை பேசினால் வியாபாரம் தானே வளரும்.