வலியும் சம்மதமும்: சில குறிப்புகள்

'பொண்ணு சம்மதிச்சிருச்சு' என்று நம் ஊர்களில் சொல்வது நிச்சயதார்த்தத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணும் சரி, டவுனிலேயே ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மனைவியும் சரி, 'அடிவயிறு வலிக்குது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். (மலையில்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம்.) 'வீட்டுக்காரரோட சேர்ந்து இருக்கீங்களா?' என்று டாக்டரம்மா கேட்பார். ஆமாம், இல்லை என்று பதில். விருப்பத்தோடா, வலியோடா என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடம் கிடையாது. அதிகாரம் தடுப்பதோடு நிற்பதில்லை, பேசுவதற்கான சொற்களையும் அதுவே அளந்து கொடுக்கிறது என்பது ஃபூக்கோ வாசித்த நமக்குப் புதிதல்ல. வீட்டில் அதைப் பொருத்திப் பார்த்தோமா?

சட்டமும் இந்த மௌனத்துக்குத் துணை. கணவன் செய்தால் அது வன்புணர்ச்சி ஆகாது என்ற விலக்கு 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் வந்தது. 2013இல் வர்மா கமிட்டி அதை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2017இல் உச்சநீதிமன்றம் மனைவியின் வயது வரம்பை 15லிருந்து 18 ஆக்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18 வயது நிரம்பிய மனைவி விஷயத்தில், அதே விலக்கு. தாலி ஒருமுறை போட்ட கையெழுத்து, ஆயுளுக்கும் செல்லும் என்றாகிறது.

'மொதல்ல அப்படித்தான் வலிக்கும், பொறுத்துக்க' என்ற பெரியவர்களின் புத்திமதி இயற்கை விதி மாதிரி ஒலிக்கிறது. விதியல்ல. பயந்தால் யோனியைச் சுற்றியுள்ள தசைகள் தாமாக இறுகும். கிளர்ச்சி வருமுன் அவசரப்பட்டால் ஈரம் ஊறியிருக்காது, உராய்ந்து எரியும். ஒருமுறை வலித்த உடம்பு மறுமுறை வலியை எதிர்பார்த்தே இறுகிக்கொள்ளும். இதைத்தான் ஆண்கள் 'ஜடம்' என்கிறார்கள். முதலிரவில் ரத்தம் வராத பெண்கள் ஏராளம் என்பதையும், விரிப்பைத் தேடும் கண்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

அவசரப்படாமல் இருப்பது, நடுவில் 'வேணாம்' என்றால் அப்போதே நிறுத்துவது. பாதி வைத்தியம் இதுதான். தண்ணீரில் கரையும் ஜெல்லி மருந்துக்கடையில் கிடைக்கிறது. ஆணுறையோடு தேங்காயெண்ணெய் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈரம் குறைவது ஹார்மோனால். பிரியம் குறைந்து அல்ல. தொடர்ந்து வலித்தால் தொற்றோ வேறு நோயோ இருக்கலாம். அப்போது டாக்டரிடம் முழு வாக்கியமாக, 'சேரும்போது வலிக்குது' என்று சொல்ல வேண்டும். கூட வந்த வீட்டுக்காரரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா கேட்டால், சொல்வது கொஞ்சம் சுலபம்.